பழைய பிக்கப் வச்சிருக்கவங்க கவனத்துக்கு: இன்ஜினை இறக்காமலே 74,500 ரூபாய் வாங்கிட்டாங்க

நேத்து சாயந்திரம்தான் உண்மை தெரிஞ்சது. ராத்திரி பூரா தூக்கம் இல்லை. ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன். பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

கடைப் பேரை எழுதலை. நாலுவழிச்சாலை ஓரத்துல பெரிய போர்டு வச்சு, டீசல் வண்டி மட்டும் பாக்குற ஒர்க்‌ஷாப். அவ்வளவு தெரிஞ்சா போதும். பழைய வண்டி, என்னை மாதிரி ஒத்தை வண்டிக்காரன், சீசன் நேரம். இது மூணும் சேர்ந்தா எந்த ஊர்லயும் இது நடக்கும்.

என் வண்டி 2010 மாடல் பொலிரோ பிக்கப், 2523 சிசி டீசல். மூணு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானலுக்கு மளிகை, சிமெண்ட் ஏத்திட்டுப் போவேன். இறங்கும்போது கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு ஏத்திட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட். வாங்குன நாள்ல இருந்து இதே ரூட்டுதான். ரெண்டு பிள்ளைகளை இந்த வண்டிதான் படிக்க வச்சுது. எட்டு வருஷம் தாண்டின வண்டிங்கறதால வருஷா வருஷம் எஃப்சி (ஆர்டிஓ தகுதிச் சான்று) காட்டணும், ஒரு தடவை கூட தவறினது இல்லை.

போன மாசம் லோடோட ஏறும்போது ஹீட் ஆக ஆரம்பிச்சது. காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டுறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. டம்டம் பாறை கிட்ட வரும்போது ஹீட் மீட்டர் முள்ளு மேல ஏறிடும். ரிசர்வாயர் டப்பா நிரம்பி தண்ணி ரோட்ல ஊத்தும். ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணி ஊத்திட்டு கிளம்பினா ஊத்துங்கற ஊர் வரைக்கும் தாங்கும், மறுபடி அதே கதை. இறங்கும்போது ஒரு தொந்தரவும் கிடையாது. சமதரையில ஒட்டன்சத்திரம் வரைக்கும் அருமையா ஓடும். இந்த ஒரு விஷயத்தை வச்சே அன்னைக்கு நான் யோசிச்சிருக்கணும். இன்ஜின் உள்ளதான் கெட்டிருக்கணும்னு என்னங்க கட்டாயம்?

என் வழக்கமான மெக்கானிக் முழங்கால் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருந்தார். அதான் அந்தப் பெரிய போர்டு கடைக்குப் போனேன்.

அங்க இருந்த பையனுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். "வாங்கண்ணே, முதல்ல டீ சாப்பிடுங்க"ன்னு சொல்லி வண்டிச் சாவியைக் கூட வாங்கலை. பக்கத்துல உக்காந்து பொறுமையா எல்லாத்தையும் கேட்டான். எந்த வளைவுல ஹீட் ஆகுது, என்ன லோடு, எந்த கியர். ஒரு மெக்கானிக் இப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்லை. அப்பவே மனசுக்குள்ள, இவன் தொழில் தெரிஞ்சவன்னு முடிவு பண்ணிட்டேன். என் தப்பு அந்த டீக்கடை பெஞ்சுல ஆரம்பிச்சது.

அப்புறம் பானட்டைத் திறந்தான். ரேடியேட்டர்ல அவனே தண்ணி ஊத்தி, மூடியை மூடாம இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். குமிழி குமிழியா வந்தது. "பாத்தீங்களாண்ணே, கம்ப்ரஷன் தண்ணியில ஏறுது. ஹெட் கேஸ்கட் போயிருச்சு." இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல் தகடுதான் அது. அடுத்தது ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து காட்டுனான். லேசா புகை. "போரும், அதான் பிஸ்டன் ஓடுற சிலிண்டர் துளை, தேஞ்சுபோச்சு. கேஸ்கட் மட்டும் மாத்தி விட்டா மூணே மாசத்துல திரும்பி வருவீங்க, எனக்குக் கெட்ட பேரு. செஞ்சா முழுசா செஞ்சிருவோம்ணே, இல்லைன்னா வேண்டாம், வண்டிய எடுத்துட்டுப் போங்க." கண்ணைப் பாத்து சொன்னான். வேண்டாம்னு சொல்றவனை எப்படிங்க சந்தேகப்படறது?

"ஆயிலே குடிக்காதே தம்பி, அடுத்த சர்வீஸ் வரைக்கும் அரை லிட்டர் கூட ஊத்துனது இல்லையே"ன்னு கேட்டேன். "அதெல்லாம் உள்ள தேஞ்சு செட் ஆயிருக்கும்ணே"ன்னான். தலையாட்டிட்டேன்.

மொத்தம் 74,500 ரூபாய். லைனர் பிஸ்டன் செட், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட், லேத் வேலை, கூலி எல்லாம் சேத்து. ஒரு வெள்ளைத்தாள்ல பேனாவால எழுதிக் குடுத்தான். கடைப் பேர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கையெழுத்து இல்லை. வீட்டம்மா செயினை அடகு வச்சு 50,000. சீட்டுப் பணம் 20,000. மீதி 4,500, மார்க்கெட்ல கமிஷன் மண்டிக்காரர் கிட்ட முன்பணம்.

பதினொரு நாள் வண்டி அங்க நின்னது. அஞ்சாம் நாள் பாக்கப் போனேன். பானட் திறந்திருந்தது, மேல நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாங்க. "இன்ஜின் லேத்துல இருக்குண்ணே, தூசி படக்கூடாதுன்னு மூடி வச்சிருக்கோம்"னான். கீழே ஒரு வாளியில கீறல் விழுந்த பிஸ்டன் நாலு கிடந்தது. "இதுதான் உங்களுது. இவ்வளவு நாள் இதை வச்சு மலை ஏறியிருக்கீங்க, கடவுள்தான் காப்பாத்தியிருக்காரு." அதைக் கையில எடுத்துப் பாத்து நான் கும்பிடு போட்டேங்க. அந்தத் தார்ப்பாய் எனக்கு ரெண்டடி தூரத்துல இருந்தது. நேத்து ராத்திரி பூரா அதுதான் கண்ணுல நிக்குது.

வண்டி கைக்கு வந்தப்ப இன்ஜின் மேல்பக்கமெல்லாம் கழுவி பளபளன்னு இருந்தது. மேல் மூடியைச் சுத்தி சிவப்புப் பேஸ்ட் பிதுங்கியிருந்தது. புதுசா வேலை பாத்த அடையாளம்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் லோடு கம்மியா ஓட்டுங்க"ன்னு சொன்னதால ஒன்பது நாள் அரை லோடுதான் ஏத்துனேன். பத்தாம் நாள் முழு லோடு. டம்டம் பாறை. அதே வளைவு, அதே முள்ளு, ரோடெல்லாம் தண்ணி.

முதல் போன்: "புது போருண்ணே, டைட்டாத்தான் இருக்கும். ஓட ஓட சரியாயிரும்." ரெண்டாவது போன்: "லோடு அதிகமா ஏத்துறீங்களோ?" மூணாவது போன், கல்யாண வீட்ல இருக்கானாம். நாலாவதுக்கு ஒரு சின்னப் பையன் எடுத்து, "அண்ணன் ஸ்பேர் எடுக்க கோயம்புத்தூர் போயிருக்காரு"ன்னான். அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை. 74,500 ரூபாய் எண்ணி வாங்குன கை, ஒரு போனை எடுக்க மாட்டேங்குது.

நேத்து பெரியகுளம் பக்கம் தகர ஷெட்டுல வேலை பாக்குற ஒரு பெரியவர்கிட்ட வண்டியை விட்டேன். முதல்ல அவர் வண்டிக்கு அடியில படுத்தார். எழுந்திரிச்சு வந்து, "இன்ஜினை இறக்குனதா யாருப்பா சொன்னது?"ன்னு கேட்டார். என்னையும் படுக்கச் சொல்லி டார்ச் அடிச்சுக் காட்டுனார். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்குற மவுண்ட் நட்டு, கியர்பாக்ஸ் சேர்ற இடத்து போல்ட்டு எல்லாம் பல வருஷத்துத் துருவோட, சேறு காஞ்சு அப்படியே இருக்கு. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. மவுண்டைக் கழட்டாம இன்ஜினை எப்படி இறக்குவாங்க? அப்புறம் மேல் மூடியைப் பிரிச்சார். ஹெட் போல்ட் தலையெல்லாம் ஆயில் கருகி பழுப்பு ஏறிக் கிடக்கு, ஒண்ணுல கூட புதுத் தேய்மானம் இல்லை. சிவப்புப் பேஸ்ட் தடவுன மூடி ஒண்ணுதான் அவங்க கழட்டுனது. அந்த வாளி பிஸ்டன் எந்த வண்டியோடதோ, எத்தனை பேருக்குக் காட்டுனதோ.

சரி, அப்ப ஏன் ஹீட் ஆகுது? அய்யா ரேடியேட்டரைக் கழட்டி மேல்டேங்க்கைப் பிரிச்சார். உள்ள இருக்குற சின்னக் குழாய்ல பாதிக்கு மேல வெள்ளையா உப்பு கட்டி அடைஞ்சிருக்கு. வருஷக்கணக்கா நான் ஊத்துன போர்வெல் தண்ணி. வெளிப்பக்கத் தகடுக்குள்ள பூச்சியும் மண்ணும் அடைச்சு, காத்து போக வழியே இல்லை. ரேடியேட்டர் மூடியோட ஸ்பிரிங் தளர்ந்து போச்சு, அடி ரப்பர் வெடிச்சிருக்கு. ஃபேன் பெல்ட் தொய்வு, லோடுல வழுக்குது. வாட்டர் பம்பும் அந்த பெல்ட்லதான் ஓடுது.

ரேடியேட்டர் மூடி விஷயத்தை அய்யா சொன்னப்பதான் எனக்கு விளங்குச்சு. அது சும்மா மூடி இல்லை. உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது, அழுத்தம் இருந்தாத்தான் தண்ணி நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். மேல போகப் போக காத்தழுத்தம் குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும். ஸ்பிரிங் போன மூடியோட, பாதி அடைச்ச ரேடியேட்டரோட, ரெண்டாவது கியர்ல லோடு இழுத்தா கொதிக்காம என்ன செய்யும்? தரையில நல்லா ஓடி மலையில மட்டும் படுத்ததுக்குக் காரணம் இதுதான்.

அந்தக் குமிழி நாடகத்தையும் கேட்டேன். தண்ணி ஊத்துன உடனே ஸ்டார்ட் பண்ணினா உள்ள மாட்டுன காத்து குமிழியா வரத்தான் செய்யுமாம். நிஜமாவே ஹெட் கேஸ்கட் போனா, காத்து போனப்புறமும் குமிழி நிக்காது. காலைல குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுன ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடும், ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக் கம்பில ஆயில் மோர் மாதிரி வெளுக்கலாம், சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வரலாம். என் வண்டில இதுல ஒண்ணு கூட இல்லை. ஆயில் மூடிப் புகையும் அப்படித்தான். பழைய டீசல்ல சூடா இருக்கும்போது லேசா வரும். மூடியைத் திருகாம சும்மா மேல வச்சா, அது தூக்கிப் போடுற அளவுக்கு அடிச்சாத்தான் போர் கதை.

குழாய்க்குள்ள கம்பி விட்டு சுத்தம் பண்ணி, பிரிச்ச டேங்க்கைத் திரும்பப் பத்த வச்சு, புது மூடி, புது பெல்ட், கூலண்ட், கூலி. மொத்தம் 5,650 ரூபாய். இன்னைக்குக் காலைல லோடோட பெருமாள்மலை தாண்டிப் போயிட்டு வந்தேன். முள்ளு நடுவுலயே நின்னது. 5,650 ரூபாய்ல முடியுற வேலைக்கு 74,500 ரூபாய்!

இறங்கி நேரா அந்தக் கடைக்குத்தான் போனேன். கோயம்புத்தூர் போனவன் உள்ளதான் உக்காந்திருந்தான். அன்னைக்கு வாய்க்கு வாய் அண்ணேன்னு சொன்னவன் இன்னைக்கு, "இங்க பாருங்க சார், பதினஞ்சு வருஷ வண்டிக்கு எவன் கேரண்டி குடுப்பான்?"ங்கறான். போல்ட்டைப் போட்டோ எடுத்துக் காட்டுனேன். "வேற எவனோ மாத்தியிருப்பான். எங்ககிட்ட வேலை பாத்ததுக்கு பில் இருக்கா? இருந்தா எங்க வேணா போங்க." அந்த வெள்ளைத்தாள் மட்டும்தான் என்கிட்ட இருக்குன்னு அவனுக்குத் தெரியும். சத்தம் கேட்டு வந்த நாலு பேரும் நான்தான் தகராறு பண்றேன்னு பாத்தாங்க. என் ஜாக்கியும் ஸ்பானர் பையும் வேற அங்கயே போச்சு, அதைக் கேக்கவே நாக்கு வரலை.

விடப் போறதில்லை. 50,000 ரூபாய் ஜிபேல அனுப்பினது, அதுக்கு ஸ்டேட்மெண்ட் இருக்கு. போல்ட் போட்டோ, பெரியவர் குடுத்த ரேடியேட்டர் பில் இருக்கு. சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டுறவனும் நுகர்வோர்தான்னு சட்டத்துல இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். 1915 நுகர்வோர் உதவி எண். நாளைக்கு அதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எப்படிப் பராமரிக்கணும்னு விவரமா எழுதணும்னு நினைச்சேன், முடியலை. அவசரமா நாலு விஷயம் மட்டும். போர்வெல் தண்ணி ஊத்தாதீங்க, கூலண்ட்தான். ஹீட் ஆனா முதல்ல மூடி, பெல்ட், ரேடியேட்டர், அப்புறம்தான் இன்ஜின் பேச்சு. சூடா இருக்கும்போது மூடியைத் திறந்துடாதீங்க, மூஞ்சி வெந்துரும். இன்ஜினை இறக்கணும்னு எவன் சொன்னாலும் இன்னொரு மெக்கானிக் கிட்ட காட்டாம சரின்னு சொல்லாதீங்க. வண்டியை விடும்போது மவுண்ட் நட்டு, ஹெட் போல்ட்டு மேல பெயிண்ட் புள்ளி வச்சு போட்டோ எடுத்துக்கங்க. கடைப் பேர் போட்ட பில் இல்லாம பத்து ரூபா கூட குடுக்காதீங்க. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தா தூக்கிப் பாருங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

செயினை மீட்க இன்னும் எத்தனை நடை மலை ஏறணும்னு வீட்டம்மா கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கா. காலைல மூணு மணிக்கு சிமெண்ட் லோடு. படுக்கப் போறேன்.