14 மாதங்கள் ஏஐ துணையோடு ஃபிக்ஸ்சர் வரைந்ததில்

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் எங்கள் பட்டறை சின்னது. கோவைப் பம்பு கம்பெனிகளுக்கு டிரில்லிங் ஜிக், மில்லிங் ஃபிக்ஸ்சர் (துளை போடும்போதும் சீவும்போதும் பாகத்தை அசையாமல் பிடிக்கும் சாதனங்கள்) செய்து வாளையாறு தாண்டி அனுப்புகிறோம். டிசைன் வேலைக்கு நான் ஒருவன்தான். 14 மாதங்களுக்கு முன்பு ஒரு ஸ்டார்ட்அப்பின் ஏஐ கருவியை, நாங்கள் வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளோடு சேர்த்துக்கொண்டோம். குறைகளும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

வேண்டியதைச் சொன்னால் அது ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், துளை என்று படிப்படியாக ஃபீச்சர் ட்ரீயிலேயே, அதாவது மாடலின் படிகளை வரிசையாகக் காட்டும் பட்டியலிலேயே, கட்டித் தரும். நான் வாங்கியதற்கு இதுதான் காரணம். சில கருவிகள் வெறும் முக்கோண வலையாக உருவத்தைக் கொடுத்துவிடுகின்றன. அதில் 10 மி.மீ. துளையை 12 ஆக்க வேண்டுமென்றால் பிடித்துத் திருத்த ஒரு அளவுகூட இருக்காது. 1988-இல் ப்ரோ இன்ஜினியர் என்ற டிசைன் மென்பொருள் வந்ததிலிருந்து நம் தொழில் பழகிய வழி, அளவை மாற்றினால் உருவமும் மாற வேண்டும் என்பது. இந்தக் கருவி அதைக் கெடுக்கவில்லை.

பிளேட், பிராக்கெட், ஸ்பேசர் எல்லாம் நன்றாகவே வரைகிறது. ஆனால் அவற்றை நானும் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அதற்காக மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லை.

பணம் திரும்பி வந்தது வேறு இடத்தில். எங்களிடம் 11 வருட ஃபைல்கள் கிடக்கின்றன, பாதிக்கு மேல் 'நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்ற பெயரில். இப்போது புது வார்ப்பின் மாடலைக் காட்டி, இதே மாதிரி முன்பு எதற்குக் கிளாம்ப், அதாவது இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு, செய்தோம் என்று கேட்டால், உருவத்தை ஒப்பிட்டு நான்கைந்து பழைய ஃபிக்ஸ்சர்களை எடுத்துப்போடுகிறது. நானே மறந்துபோன ஒரு ஸ்விங் கிளாம்பை அப்படித்தான் மீட்டேன்.

டிராயிங் சரிபார்ப்பும் உருப்படியானது. தினமும் கையால் கழற்றி மாட்டும் ஒரு 10 மி.மீ. பின்னுக்குப் பழக்கதோஷத்தில் எம்6 என்று போட்டிருந்தேன். இது மரை அளவு அல்ல, பின் துளையில் எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்பதற்கான குறியீடு; துளைக்கு எச்7. எச்7 துளை 10.000 முதல் 10.015 வரை, எம்6 பின் 10.006 முதல் 10.015 வரை, பெரும்பாலும் சுத்தியல் இல்லாமல் இறங்காது. 'கழற்றும் பின் என்றால் ஜி6 போடலாமா?' என்று கேட்டது. ஜி6 என்றால் 9.986 முதல் 9.995. சரியான கேள்வி. இன்னொரு நாள், அவசரத்தில், பீஸின் துளைகளில் நுழைந்து அதைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் இரண்டு லொக்கேட்டிங் பின்னையும் உருண்டையாகவே வரைந்துவிட்டேன். துளைகளின் மைய தூரம் பீஸுக்குப் பீஸ் கொஞ்சம் மாறும். இரண்டும் உருண்டை என்றால் சில பீஸ்கள் உட்காரவே உட்காராது. ஒன்றை, துளைகளை இணைக்கும் கோட்டின் திசையில் சீவிய டைமண்ட் பின்னாக மாற்றச் சொல்லிச் சுட்டிக்காட்டியது. அந்த ஒரு எச்சரிக்கையே அந்த மாதச் சந்தாவுக்கு ஈடு.

இனி நஷ்டக் கதை. ஒரு பம்பு கேசிங்கின் மில்லிங் ஃபிக்ஸ்சரில் அதிர்வு குறைய ஒரு ரிப் (தாங்கு விலா) கேட்டேன், போட்டுத் தந்தது. பாகங்கள் ஒன்றையொன்று இடிக்கிறதா என்று பார்க்கும் இன்டர்ஃபியரன்ஸ் செக்கில் ஒன்றும் இல்லை. நானும் பார்த்து ஒப்புக்கொண்டேன். மெஷினிங் முடிந்து அசெம்ப்ளிக்கு வந்தபோது எங்கள் மூத்த ஃபிட்டர் கூப்பிட்டார்: "தம்பி, இந்த எம்8 போல்ட்டுக்கு ஆலன் கீயை எப்படிப் போட்டுத் திருப்பறது?" ரிப், போல்ட் தலையைத் தொடவில்லை. ஆனால் 6 மி.மீ. கீயைத் திருப்ப அங்கே இடமே இல்லை. கிரைண்டரால் ரிப்பைச் செதுக்கி, அனுப்புவதற்கு ஒன்றரை நாள் தாமதமானது. அந்த வாரம் முழுக்க எனக்கு மனது சரியில்லை.

வேறு இரண்டு ஃபிக்ஸ்சர்களில் லொக்கேட்டரின் மூலையில் தூள் ஒதுங்க வழியே விடவில்லை. காஸ்ட் அயர்ன் சுருளாக வராது, தூளாகக் கொட்டும். அது மூலையில் சேர்ந்தால் அடுத்த வார்ப்பு தூக்கிக்கொண்டு உட்காரும்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். கம்பெனிகள் தங்கள் டிராயிங்கை வெளியே விடுவதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைப்பது 2019-இல் வந்த ஏபிசி தொகுப்பு மாதிரியானவை. அதில் 10 லட்சம் மாடல்கள் உண்டு, ஆன்ஷேப் என்ற இணைய டிசைன் மென்பொருளில் பொதுவில் கிடந்தவற்றைத் திரட்டியது. உருவம் எல்லாம் இருக்கிறது. அந்த மூலையில் பள்ளம் எதற்கு, அந்த போல்ட்டை ஏன் வெளியே தள்ளினோம் என்பது உருவத்தில் எழுதியிருக்காது.

அதனால் வேலை முறையையே மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு ஃபீச்சருக்கும் காரணத்தைக் குறிப்பாக எழுதுகிறேன். சனிக்கிழமை மதியம் ஃபிட்டர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல டைப் செய்கிறேன். அவர் கொழிஞ்சாம்பாறைக்காரர், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார், அப்படியே கருவியில் ஏற்றுகிறேன். மூன்று மாதம் கழித்து, புது ஃபிக்ஸ்சர் ஒன்றில் நான் கேட்காமலே மூலைப் பள்ளம் போட்டு, எந்தப் பழைய குறிப்பிலிருந்து எடுத்தது என்றும் காட்டியது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வார்த்தைகளை இரண்டு தடவை படித்தார்.

பட்டறைப் பேச்சு அதற்கு இன்னும் முழுக்கப் புரிவதில்லை. 'அரை நூல் கூட்டு' என்றால் நமக்கு ஒன்றரை மி.மீ. சொச்சம். அது நூலை ஸ்குரூ த்ரெட் என்று எடுத்துக்கொண்டு துளைக்கு மரை போட்டுவிட்டது. நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டும் திருத்தவில்லை. இப்போதைக்கு எல்லாவற்றையும் மி.மீ.யில் மாற்றியே எழுதுகிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. மாடல்கள் கிளவுடில் ஏறுகின்றன. வாடிக்கையாளரின் வார்ப்பு மாடல் நம் சொத்து அல்ல, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஏற்றாதீர்கள். எங்களுக்கு ஒரு கம்பெனி மறுத்துவிட்டது, அவர்கள் வேலையைப் பழையபடி கையால்தான் வரைகிறேன்.

போன வாரம் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். அது வரைந்த எதுவும் அண்ணன் பிரிண்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மெஷினுக்குப் போவதில்லை. கீ திரும்புமா, தூள் எங்கே போகும் என்ற இரண்டையும் அவர் பேனாவால் டிக் அடித்துத்தான் தருகிறார்.