வில்சன் கனடியத் தோல் பந்து: பிடி அருமை, பட்டைதான் இடைஞ்சல்

கனடியக் கால்பந்து, அமெரிக்கக் கால்பந்து போலவே நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்து ஆடுவது. மாண்ட்ரியால் அலுவெட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சாம் எட்செவரி 1956இல் ஒரே பருவத்தில் 4,723 கெஜம் எறிந்தார். தொழில்முறை ஆட்டத்தில் அதுவரை யாரும் 4,000ஐத் தொட்டதில்லை. கனடிய ஆட்டத்தில் பத்து கெஜம் நகர மூன்றே வாய்ப்பு. மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துவிடுவார்கள்; எறிய மிஞ்சுவது இரண்டே. ஒரு எறி நழுவினால் பாதி போச்சு. அதனால் பந்து வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிடிமானம்.

கனடியக் கால்பந்து லீக் ஆட்டங்களில் பயன்படும் வில்சன் பந்து நான்கு மாட்டுத்தோல் துண்டுகளால் தைத்தது. 2018 முதல் இதன் அளவும் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பந்தின் அளவும் ஒன்றே: நீளம் சுமார் 11 அங்குலம், காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ. வேறுபாடு, பந்தை முழுக்கச் சுற்றிவரும் இரண்டு வெள்ளைப் பட்டைகள். பார்க்க அழகு, ஆனால் வண்ணம் பூசிய இடம் தோலைவிட வழுக்கும். ஆள்காட்டி விரல் போய் உட்காருவதோ பின்பட்டைக்குப் பக்கத்தில். பிடியைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பழக வேண்டும்.

புதுப் பந்தை அப்படியே எறியாதீர்கள். மேலே மெழுகுப் பூச்சு இருக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அதை எடுத்துவிட்டு, தோல் கண்டிஷனரைக் கொஞ்சமாகத் தடவி, ஊறியபின் மறுபடி தேய்க்கவும். பட்டையிலும் பந்தின் மேல் கோத்திருக்கும் கயிற்றிலும் படக்கூடாது. நனைந்தால் துடைத்து நிழலில் காயவிடவும். ஹீட்டர் பக்கம் வைத்தால் தோல் விறைத்துவிடும். காற்றடிக்கும் ஊசியை ஈரப்படுத்தாமல் செருகினால் வால்வு கிழியும்.

குளிர்தான் பலரும் கோட்டைவிடும் இடம். 21 டிகிரி அறையில் 13 பிஎஸ்ஐ நிரப்பிய பந்து, 0 டிகிரி வெளியில் ஏறக்குறைய 11க்கு இறங்கிவிடும். கசிவு என்று நினைத்து மாற்றித்தரக் கேட்க வேண்டாம். வெளியே வைத்துக் குளிர்ந்தபின் நிரப்புங்கள். உள்ளே கொண்டுவருமுன் கொஞ்சம் இறக்குங்கள், இல்லையேல் 15 தாண்டித் தையல் இழுபடும்.

நல்ல பந்து மட்டும் கோப்பை தராது என்பது வேறு விஷயம்: கனடியக் கால்பந்தின் சாம்பியன் கோப்பையான கிரே கோப்பையின் 1955 இறுதியில் எட்செவரி 508 கெஜம் எறிந்தும் எதிரணி எட்மன்டன் 34-19 என்று வென்றது.

தார்ச்சாலையில் ஆடப்போகிறவர்களுக்கு இது வேண்டாம்; தோல் சீக்கிரம் உரிந்துவிடும். அதற்கு மலிவான செயற்கைத்தோல் பந்து போதும். புல்தரையில், குளிரில் எறிபவர்கள் தோலையே வாங்கலாம்.