யாஹூ ஃபேண்டஸியில் என்பிஏ டிராஃப்ட்: ஒன்பது பிரிவு முறைக்காகவே ஆடலாம்

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃபேண்டஸி என்றால் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களின் நிஜ ஆட்ட எண்களால் மோதுவது; அணிக்கு வீரர்களை முறை போட்டு எடுப்பதுதான் டிராஃப்ட். இதை ஆட எந்தத் தளம் நல்லது என்று யார் கேட்டாலும் யாஹூ என்றுதான் சொல்வேன். செயலியின் அழகுக்காக இல்லை, அங்கே நெடுங்காலமாகப் புழங்கும் ஒன்பது பிரிவு முறைக்காக. பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், மூன்று பாயிண்ட் ஷாட், கோல் விகிதம், ஃப்ரீ த்ரோ விகிதம், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது, இது மட்டும் குறைவாக இருந்தால்தான் நல்லது) என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் போட்டி. இரண்டு அணிகள் வாராவாரம் நேருக்கு நேர் மோதும் ஹெட் டு ஹெட்டில் ஒரு வாரம் 5-4 என்று முடித்தாலே ஜெயித்த மாதிரிதான். இந்த ஒரு கணக்குதான் டிராஃப்ட் அறையில் நடக்கும் எல்லாவற்றையும் சுவையாக்குகிறது.

டிராஃப்ட் நடப்பது பாம்பு வரிசையில், அதாவது ஒவ்வொரு ரவுண்டிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும். 12 பேர் லீக்கில் முதல் பிக் (வீரரை எடுக்கும் வாய்ப்பு) கிடைத்தவருக்கு அடுத்த முறை வருவது 24-வது, உடனே 25-வது. இடையில் 22 வீரர்கள் போய்விடுவார்கள். கடைசி இடத்தில் இருப்பவருக்கு 12-ம் 13-ம் அடுத்தடுத்து வரும், அப்புறம் 36 வரை காத்திருக்க வேண்டும். வழக்கமான 13 பேர் அணி என்றால் மொத்தம் 156 பிக். முதல் பிக் கிடைத்தால் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை, நிக்கோலா யோகிச் இருந்தால் எடுத்துவிடலாம். 2024-25 சீசன் முழுக்க சராசரியாக 29.6 பாயிண்ட், 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட் எடுத்த சென்டர் அவர், அவரை எடுத்தால் எந்தப் பிரிவையும் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை. அவரைத் தாண்டிய பிறகுதான் உண்மையான யோசனை தொடங்குகிறது.

யானிஸ் ஆண்டெடொகும்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே சீசனில் 30.4 பாயிண்ட், 60 சதவீதத்துக்கு மேல் கோல் விகிதம், ஆனால் ஃப்ரீ த்ரோ 61.7 சதவீதம்தான், அதுவும் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் எறிகிறார். இங்கே எத்தனை முறை எறிகிறார் என்பதுதான் வலி. வாரத்தின் ஃப்ரீ த்ரோ விகிதம் அணி மொத்தமாக எறிந்ததில் எத்தனை விழுந்தது என்ற கணக்கு, வீரர்களின் சதவீதங்களுக்குச் சராசரி போடுவதில்லை. ஒருவர் 10 எறிந்து 6 போட்டு, மற்ற மூன்று பேர் ஆளுக்கு 2 எறிந்து ஒன்றுகூட விடாமல் போட்டாலும் மொத்தம் 16-க்கு 12, அதாவது 75 சதவீதம். மூன்று பேர் குறையே இல்லாமல் ஆடியும் ஒருவர் இழுத்துவிடுகிறார். ஆகவே யானிஸை எடுத்த கையோடு ஃப்ரீ த்ரோவை மொத்தமாகக் கைவிட்டுவிடுவதுதான் சரி, ஆடுகிறவர்கள் இதைப் பண்ட் என்பார்கள். கைவிட்ட பிறகு மற்றவர்கள் தயங்கித் தள்ளிப்போடும் வீரர்கள் உங்களுக்கு முழு மதிப்போடு கிடைப்பார்கள். டைசன் டேனியல்ஸ் 2024-25-ல் ஆட்டத்துக்கு 3 ஸ்டீல், 1990-91-ல் ஆல்வின் ராபர்ட்சனுக்குப் பிறகு யாரும் தொடாத அளவு, ஆனால் ஃப்ரீ த்ரோவில் 60 சதவீதம்கூட இல்லை. ரூடி கோபேரும் அதே ரகம்: ரீபவுண்டும் கோல் விகிதமும் அள்ளித் தருவார், ஃப்ரீ த்ரோவில் தடுமாறுவார். இந்த மூன்று பேரும் தனித்தனி அணிகளில் இருந்தால் மூன்று அணிக்கும் தலைவலி, ஒரே அணியில் இருந்தால் அந்தக் குறைக்கு ஒரே ஒரு பிரிவுதான் விலை. ஃபேண்டஸியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ட்ரே யங் மாதிரி ஆள் இதற்கு மறுபக்கம். 2024-25-ல் லீக்கிலேயே அதிக அசிஸ்ட் சராசரி, 11.6. டர்ன்ஓவரிலும் அவர்தான் முதலிடம், 4.7. அவரை எடுத்துவிட்டு டர்ன்ஓவர் குறைவான ஆட்களாகத் தேடி அலைவதில் பலன் இல்லை, அந்தப் பிரிவை விட்டுவிட்டு பந்தை அதிகம் கையாளும் கார்டு (guard) இடத்து வீரர்களை இன்னும் சேர்க்க வேண்டும்.

டிராஃப்ட் அறையில் வலுவானது க்யூ. பிடித்த வீரர்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கலாம், நேரம் முடிந்துவிட்டால் அதன் உச்சியில் இருப்பவர் உங்களுக்கு வந்துவிடுவார். க்யூ காலியாக இருந்தால் தளத்தின் தரவரிசைப்படி போகும், அதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். அந்தத் தரவரிசை மோசம் என்று இல்லை, அது எல்லாருக்கும் பொதுவானது, ஃப்ரீ த்ரோவை நீங்கள் மூன்றாவது ரவுண்டிலேயே கைவிட்டுவிட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஐந்தாவது ரவுண்டுக்கு மேல் அந்த வரிசையை அப்படியே நம்பி எடுப்பவர்களின் அணியில் ஒவ்வொரு பிக்கும் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கும், சேர்த்துப் பார்த்தால் எதிலும் பலம் இருக்காது. டிராஃப்ட் முடிந்ததும் வரும் மதிப்பெண் அட்டைக்கும் இதே பதில், அது கணிப்புகளை வைத்துப் போடும் கிரேடு, அதைப் பார்த்து உடனே மற்ற அணிகளோடு வீரர்களை மாற்றிக்கொள்ள (டிரேடு) கிளம்ப வேண்டாம்.

ஆட்ட இடங்களை யாஹூ தாராளமாகவே தருகிறது, சீசன் நடுவே ஒரு வீரர் புது இடத்தில் ஆடத் தொடங்கினால் அதற்கான தகுதியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் வழக்கமான அமைப்பில் சென்டருக்கு இரண்டு இடம் உண்டு. நல்ல சென்டர்கள் நினைப்பதைவிட வேகமாகத் தீர்ந்துபோவார்கள், அவர்கள் போனால் பிளாக்கும் கூடவே போகும். ஆறாவது ரவுண்டுக்குள் ஒருவரையாவது எடுத்துவிடுங்கள்.

காயம் ஒரு பெரிய விஷயம். விக்டர் வெம்பன்யாமா 2024-25-ல் ஆட்டத்துக்கு 3.8 பிளாக், ஒற்றை ஆளாக ஒரு பிரிவையே ஜெயித்துத் தருகிற எண். ஆனால் தோளில் ரத்த உறைவு என்று 2025 பிப்ரவரியில் சீசன் முடிந்துவிட்டது, மொத்தம் 46 ஆட்டங்கள். அவரை முதல் ரவுண்டில் எடுத்தவர்கள் ஃபேண்டஸி பிளேஆஃப் வரும் மார்ச்சில் அவர் இல்லாமல்தான் ஆடினார்கள். அதற்காக அவரை ஒதுக்கச் சொல்ல மாட்டேன், அந்த உயரத்தில் அந்த ஆட்டம் வேறு யாரிடமும் கிடையாது. அடுத்த இரண்டு பிக்கும் அதிக ஆட்டம் ஆடும் பழக்கமுள்ளவர்களாக இருக்கட்டும், அது போதும்.

ஏல முறையும் உண்டு, ஆளுக்கு 200 டாலர் கற்பனைப் பணம். பாம்பு வரிசையில் எட்டாவது இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு யோகிச் கிடைக்கவே மாட்டார், ஏலத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அனுபவம் வந்தவர்களுக்கு இதுதான் நேர்மையான முறை, புதியவர்களுக்கு நேரமும் பதற்றமும் அதிகம். எல்லாப் பிரிவுகளையும் ஒரே மொத்த மதிப்பெண்ணாகக் கூட்டும் பாயிண்ட் முறை மட்டும் போதும் என்றால் இஎஸ்பிஎன் தளம் எளிது. ஒரு வீரருக்கு வாரத்தில் ஒரே ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை பிடித்தால் ஸ்லீப்பர் என்ற தளம் இருக்கிறது.

முதல் முறை ஆடுபவர்கள் மாக் டிராஃப்டில் (பயிற்சி டிராஃப்ட்) வேறு வேறு இடங்களிலிருந்து எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவைக் கைவிட்டு. 12 பேர் சேரவில்லை என்றால் 10 பேரோடு தொடங்கலாம், அப்போது எல்லா அணியும் பலமாகவே இருக்கும் என்பதால் எதைக் கைவிடுவது என்று இன்னும் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.