தபால்தலைக்கு முந்தைய அமெரிக்கக் கடிதங்கள்: பத்துக் கடிதத் தொகுப்பை வாங்கலாமா?

அமெரிக்காவில் 'ஸ்டாம்ப்லெஸ் கவர்' என்று சொல்லப்படும் தபால்தலையில்லாத பழைய கடிதங்களை, புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்காகப் பத்துப் பத்தாகக் கட்டி விற்கிறார்கள். அங்குள்ள ஒரு தபால்வழி விற்பனையாளரின் தொகுப்பைத்தான் இங்கே பார்க்கிறோம். பத்துக் கடிதம், 120 டாலர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விவரச் சீட்டு. கடிதங்கள் கொடுக்கிற காசுக்குத் தகுந்தவை, தாராளமாக வாங்கலாம். சீட்டுகளை மட்டும் நம்பக்கூடாது.

அமெரிக்காவின் முதல் பொதுத் தபால்தலைகள் 1847 ஜூலை 1 அன்று வந்தன. ஒட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1856 ஜனவரி 1 முதல்தான். அதுவரை கட்டணத்தை அஞ்சலகத்தில் மையால் எழுதுவார்கள், அல்லது முத்திரையாகக் குத்துவார்கள். வலது மேல் மூலையில் இருக்கும் அந்த எண்தான் கடிதத்தின் உயிர். பெரும்பாலும் பணம் கட்டியவர் பெற்றுக்கொண்டவர்தான். அனுப்பியவரே கட்டியிருந்தால் 'பெய்டு' என்று இருக்கும். எண் சரிதானா என்று பார்க்க நாலு விஷயம் தெரிய வேண்டும்: எங்கிருந்து, எங்கே, எந்த ஆண்டு, எத்தனை தாள். முதல் இரண்டும் வெளியிலேயே கிடைத்துவிடும். ஆண்டும் தாளும் அப்படியல்ல. அந்தக் கால அஞ்சல் முத்திரையில் மாதமும் தேதியும் இருக்கும், ஆண்டு பெரும்பாலும் இருக்காது. உள்ளே கடிதத்தின் தலைப்பில் எழுதியவர் போட்ட தேதியைப் பார்க்க வேண்டும். பெற்றவர் மடிப்பின் ஓரத்தில் குறித்துவைத்த வரவுக் குறிப்பும் சில சமயம் கைகொடுக்கும். அதனால்தான் முழுக் கடிதத்துக்கு இவ்வளவு மதிப்பு. இந்தப் பத்தில் எட்டு முழுக் கடிதங்கள்.

தொகுப்பில் அதிகம் இருப்பவை 1816 மே 1 முதல் 1845 ஜூன் வரையான காலத்தவை. அப்போது கட்டணம் தூரத்தைப் பொறுத்தது: 30 மைல் வரை 6 சென்ட், 80 வரை 10, 150 வரை 12½, 400 வரை 18½, அதற்கு மேல் 25. இந்த 18½ என்பது 1825-இல் 18¾ ஆனது. இந்தப் பின்னங்கள் முதலில் விநோதமாகத் தெரியும். அன்று கையில் புழங்கியது ஸ்பானிய வெள்ளிக் காசு. ஒரு ரியால் 12½ சென்ட், ஒன்றரை ரியால் 18¾. காசுக்கு ஏற்றபடி கட்டணம் வைத்தார்கள். நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு 12½, பாஸ்டனுக்கு 18¾, நியூ ஆர்லியன்ஸுக்கு 25. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கடிதங்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

தொகுப்பிலேயே அதிகம் கற்றுத்தருவது பாஸ்டனிலிருந்து நியூயார்க் போன ஒரு கடிதம். மேல் மூலையில் பழுப்பு மையில் 37½. விற்பனையாளரின் சீட்டு '1815, போர்க்காலக் கட்டணம், அரியது' என்கிறது. பிரிட்டனோடு நடந்த 1812 போரின் செலவுக்காக 1815 பிப்ரவரி 1 முதல் 1816 மார்ச் 31 வரை கட்டணத்தை ஒன்றரை மடங்காக்கினார்கள் என்பதும், உச்சக் கட்டணமான 25 அப்போது 37½ ஆனது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கட்டணம் 500 மைலுக்கு மேல் போன கடிதத்துக்கு. பாஸ்டன்–நியூயார்க் தூரத்துக்கு அன்று அடிப்படைக் கட்டணம் 17 சென்ட், போர்க்காலத்தில் ஒன்றரை மடங்காக 25½. ஆகவே ஒற்றைத் தாள் என்றால் 37½ வரவே வராது. கடிதத்தைப் பிரித்தால் தலைப்பில் 1833 என்று தெளிவாக இருக்கிறது, உள்ளே தனியாக ஒரு கணக்குத் தாளும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு தாள், இரண்டு 18¾, ஆக 37½. எடைக்கு அல்லாமல் தாளின் எண்ணிக்கைக்குக் காசு வாங்கிய காலம் அது. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்பதால்தான் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, முதுகில் முகவரி எழுதினார்கள். அந்தக் கணக்குத் தாள் இன்னும் உள்ளேயே இருப்பது, போலியான 'அரியது' என்ற பட்டத்தைவிடப் பெரிய பேறு. தாளைத் தனியே எடுத்து வேறு உறையில் போட்டுவிடாதீர்கள்; பிரித்தால் 37½-க்கு இருந்த சாட்சி போய்விடும்.

அடுத்து நல்லது 20¾ என்று எழுதிய ஒன்று. கட்டணப் பட்டியலில் இந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. பக்கத்தில் 'ஷிப்' என்ற முத்திரை இருக்கிறது. கடிதம் தனியார் கப்பலில் நியூயார்க் துறைமுகம் வந்து, அங்கிருந்து பாஸ்டன் போயிருக்கிறது: உள்நாட்டுக் கட்டணம் 18¾, கப்பல் கடிதத்துக்கு 2 சென்ட். துறைமுக ஊரிலேயே பட்டுவாடா ஆகியிருந்தால் மொத்தமே 6 சென்ட்தான். இந்தக் கடிதத்தைச் சீட்டு சரியாகவே விவரித்திருக்கிறது.

மற்றவற்றில் பால்டிமோரின் நீல மை முத்திரை அழகு. முட்டை வடிவத்துக்குள் 5, தேதி 1846. 1845 ஜூலை 1-க்குப் பிறகு தாள் கணக்கு போய் அரை அவுன்ஸ் எடைக் கணக்கு வந்தது: 300 மைல் வரை 5 சென்ட், மேலே போனால் 10. நியூயார்க்கின் சிவப்பு வட்ட முத்திரை மிகச் சாதாரணம், ஆனால் இதில் எழுத்தெல்லாம் கூர்மையாக விழுந்திருக்கிறது. 1852-இன் 'பெய்டு 3' ஒன்றும் உண்டு. தபால்தலை இருந்தும் ஒட்டாமல் காசாகக் கட்டிய காலத்துக்கு நல்ல மாதிரி. 'ஃப்ரீ', அதாவது கட்டணமில்லை, என்று குறித்த கடிதத்தில் சீட்டு 'கையெழுத்து இல்லை, குறை' என்கிறது. இலவசமாக அனுப்பும் உரிமை உள்ளவர் முகப்பில் கையெழுத்திடுவது வழக்கம் என்பதால் அப்படிச் சொல்கிறது. முகவரியைப் படித்தால் பெறுபவர் பெயருக்குப் பின் 'பி.எம்.' என்று இருக்கிறது, அதாவது போஸ்ட்மாஸ்டர். அவருக்கு வரும் கடிதத்துக்கும் கட்டணம் கிடையாது, அனுப்பியவர் கையெழுத்துத் தேவையில்லை. குறை எதுவும் இல்லை.

வெர்மான்ட்டின் ஒரு சிற்றூரிலிருந்து வந்ததில் முத்திரையே கிடையாது. போஸ்ட்மாஸ்டர் ஊரையும் தேதியையும் பேனாவால் எழுதியிருக்கிறார். புதிதாகச் சேர்ப்பவர்கள் இவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கக்கூடாது. சின்ன அஞ்சலகங்களில் முத்திரை வாங்கிவைக்கும் வழக்கம் குறைவு, இந்தக் கையெழுத்துதான் அந்த ஊரின் முத்திரை. முகவரியை எழுதிய கையும் ஊர்ப்பெயரை எழுதிய கையும் வேறு வேறா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கட்டண எண் ஊர்ப்பெயரோடு ஒரே மையில் இருந்தால் நல்லது.

தொகுப்பின் உண்மையான குறை கடைசி இரண்டு. இரண்டும் முகவரித் தாள் மட்டும். ஒரே தாளை நடுவில் மடித்து நாலு பக்கமாக்கி, மூன்றில் எழுதி நாலாவதில் முகவரி வைப்பார்கள். யாரோ எழுதிய பாதியைக் கிழித்துவிட்டார்கள். ஒன்றில் 25, நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு. தூரத்தை வைத்து இரண்டு தாள் என்று ஊகிக்கலாம், நிரூபிக்க முடியாது. ஆண்டும் கிடையாது. இதையும் முழுக் கடிதத்தின் விலைக்கே சேர்த்திருப்பது நியாயமில்லை. எட்டுக்கு மட்டும் காசு கொடுத்ததாகக் கணக்கிட்டால் ஒன்று 15 டாலர். 37½-ம் 20¾-ம் உள்ள தொகுப்புக்கு அது சரியான விலை.

அனுப்பிய விதத்திலும் ஒரு தவறு. எல்லாமே மெல்லிய பிவிசி உறையில் வந்தன. நெடி அடிக்கிறது, விரலில் லேசாக ஒட்டுகிறது. அதிலுள்ள மென்மையாக்கும் பொருள் கசிந்து தாளில் கறையாக இறங்கும், மையையும் உறிஞ்சும். வந்த அன்றே மாற்றிவிடுங்கள். பூச்சில்லாத பாலியஸ்டர் உறை, அதாவது மைலார், தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு, கடிதத்தைவிட எல்லாப் பக்கமும் கால் அங்குலம் கூடுதல். கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே வையுங்கள். முத்திரை முன்னால் தெரிய வேண்டும் என்று புது மடிப்புப் போட்டால் நார் அறுந்து கோடு விழும்.

தாளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். துணிக் கந்தலில் செய்த தாள், இருநூறு ஆண்டு கழித்தும் மொடமொடப்பாக இருக்கும். பயப்பட வேண்டியது மைக்கு. ஓக் மரத்தின் கடுக்காய் போன்ற முடிச்சையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்த மை அது. அமிலம் உள்ளது, ஈரம் பட்டால் பரவித் தாளைத் தின்னும். மடிப்பு விறைப்பாக இருக்கிறதே என்று ஆவி பிடிப்பது, இஸ்திரி போடுவது இரண்டுமே நாசம். அரக்கு இருந்த இடத்துக்கு எதிரில் சின்ன ஓட்டை இருந்தால் அது பழுதல்ல, பெற்றவர் பிரித்தபோது கிழிந்தது. வாங்கும்போது மறுக்க வேண்டியது பசைநாடா ஒட்டிய கடிதத்தை. மஞ்சள் கறை இறங்கிவிட்டால் பிறகு போகாது.

இதே போன்ற தொகுப்பை வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் விற்பனையாளரிடம் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு படம் கேளுங்கள்: முகவரிப் பக்கம் ஒன்று, உள்ளே தேதி எழுதிய வரி ஒன்று. இரண்டாவது படம் வராத கடிதத்துக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.