போடி ஏலக்காய்க் கடைகளின் பில்லிங் மென்பொருள்: வசதி உண்டு, பாதுகாப்பு இல்லை

போடி, கம்பம் ஏலக்காய் வியாபாரிகள் வைத்திருக்கும் இந்த பில்லிங் மென்பொருள் எலக்ட்ரானில் (வெப் பக்கங்களை விண்டோஸ் மென்பொருளாக மாற்றித் தரும் கருவி) கட்டியது. உள்ளே ஓடுவது குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசர்தான். ஜிஎஸ்டி பில், தமிழ்-மலையாளம் பிரின்ட் எல்லாம் அருமை.

பாதுகாப்புதான் மோசம். கன்ட்ரோல், ஷிப்ட், I மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் கன்சோலில் (கட்டளை தட்டும் இடம்) 'process.versions' என்று தட்டினால் பதிப்பு எண்கள் வந்து விழுகின்றன: எலக்ட்ரான் 11. இப்படி எண்கள் வருகிறதென்றாலே, பக்கத்துக்குள்ளேயே நோட் (Node.js, கம்ப்யூட்டர் கோப்புகளைத் தொடும் அதிகாரம் உள்ள நிரல் பகுதி) திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். 2019-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்தே அது தானாக அணைந்திருக்கும். இங்கே வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள்.

பார்ட்டி பெயர்க் கட்டத்தில் ஹெச்டிஎம்எல் படக்குறி (வெப் பக்கத்தில் படம் போடும் கோடு) தட்டினால் பில்லில் உடைந்த படம் தெரிகிறது. அதாவது தட்டியதை வெறும் எழுத்தாக எடுக்காமல் கோடாகவே எடுத்துக்கொள்கிறது. குமுளியிலிருந்து வரும் எக்செல் பட்டியலில் ஒரு பெயருக்குள் ஸ்கிரிப்ட் ஒளிந்திருந்தால் போதும், உங்கள் கோப்புகளைப் படிக்கும், அழிக்கும். பேங்க் பாஸ்வேர்டு எழுதிவைத்த நோட்பேடு உட்பட. சாதாரண பிரவுசர் பக்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

எலக்ட்ரான் குழு கடைசி மூன்று பெரிய பதிப்புகளுக்குத்தான் திருத்தம் தருகிறது. 11-ஆம் பதிப்பு அந்தக் கணக்கில் இல்லை. அதனால் 2023-இல் வெளியான லிப்வெப்பி (வெப்பி படங்களைத் திறக்கும் நிரல்) ஓட்டை இதில் அடைபடவே இல்லை. குரோமை அப்டேட் செய்தாலும் இதற்குள் இருப்பது மாறாது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அட்மின் உரிமை இல்லாத தனி விண்டோஸ் கணக்கில் ஓட்டுங்கள். வெளிப் பட்டியல்களை இம்போர்ட் செய்யாதீர்கள். புதிதாக வாங்குகிறவர்கள் இப்போதைக்கு வேண்டாம்.