ட்ரியரா, மைன்ஸா? ரோமானியக் கல்லும் ரீஸ்லிங் ஒயினும்

ஜெர்மனியில் ரோமானிய இடிபாடுகளைப் பார்க்க வேண்டும், உள்ளூர் ஒயினையும் ருசிக்க வேண்டும் என்றால் பலரும் முதலில் சொல்வது கொலோன். அதை ஒதுக்கிவிடலாம், அது பியர் குடிக்கிற ஊர். நிஜமான போட்டி மோசல் நதிக்கரை ட்ரியருக்கும் ரைன் நதிக்கரை மைன்ஸுக்கும்தான். இரண்டுமே ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் உருவானவை. மைன்ஸ் ராணுவ முகாமாகத் தொடங்கியது. ட்ரியரோ நாலாம் நூற்றாண்டில் பேரரசர்களே குடியிருந்த ஊர்.

அதனால்தானோ என்னவோ, ட்ரியரில் ரோம் தரைக்கு மேலே நிற்கிறது. ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் போர்ட்டா நீக்ரா, கிபி 170 வாக்கில் எழுந்த நகர வாசல். கலவை எதுவும் பூசாமல், மணற்கற்களை இரும்புப் பிடிகளால் பிணைத்துக் கட்டியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கல்லும் கல்லும் சேரும் இடங்களில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். பின்னால் வந்தவர்கள் இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசைப்பட்டுத் தோண்டியவை அவை. வாசலையே பெயர்த்துக்கொண்டு போகாமல் தடுத்தவர் சிமியோன் என்ற கிரேக்கத் துறவி. 11-ஆம் நூற்றாண்டில் உள்ளே தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்து மறைந்தார். அவருக்காக வாசலைத் தேவாலயமாக்கினார்கள், கல் தப்பியது. அப்புறம் நெப்போலியன் வந்து தேவாலயத்தைக் கலைக்கச் சொன்னார்.

கான்ஸ்டன்டைன் பசிலிக்கா என்ற பேரரசரின் அரசவை மண்டபத்துக்குள் 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஆற்றுப் பாலத்தின் பழைய தூண்கள் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; மேலே இன்றும் வண்டி ஓடுகிறது. குளியல் மண்டபங்கள் மூன்று உண்டு, ஒன்று போதும்.

மைன்ஸில் ரோமைத் தேடிப் போக வேண்டும். சுமார் 10,000 பேர் உட்காரக்கூடிய நாடக அரங்கின் மிச்சம் அதன் பெயரையே தாங்கிய ரயில் நிலையத்தை ஒட்டியே கிடக்கிறது. பிளாட்பாரத்திலிருந்தே தெரியும், ஆனால் பார்த்ததும் வாய் பிளக்க வைக்காது. எனக்குப் பிடித்தது வேறு: ஒரு ஷாப்பிங் வளாகத்துக்கு அடியில் இருக்கும், ஐசிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்தின் கோயில். 1999-இல் கட்டட வேலையின்போது வெளிப்பட்டது. பிடிக்காதவன் நாசமாகப் போகட்டும் என்று ஈயத் தகட்டில் சாபம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மேலே துணிக்கடை, கீழே சாபத் தகடு. இந்தச் சுவாரசியம் ட்ரியரின் எந்த மண்டபத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஒயின். மைன்ஸைச் சுற்றியிருக்கும் ரைன்ஹெஸ்ஸன்தான் ஜெர்மனியின் மிகப் பெரிய ஒயின் வட்டாரம். ஆனால் தோட்டத்தைப் பார்க்க ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். ட்ரியரில் ஆம்பிதியேட்டர் என்ற ரோமானிய வட்ட அரங்கைப் பார்த்துவிட்டு மேட்டில் ஏறினாலே திராட்சைத் தோட்டம். மறுபக்கம் இறங்கினால் ஓலேவிக், ஒயின்காரர்கள் குடியிருக்கும் பகுதி. சிலேட்டுக் கல் சரிவில் விளையும் ரீஸ்லிங்கில் புளிப்பு தூக்கலாக இருக்கும், ஆல்கஹால் பெரும்பாலும் குறைவு. ஆப்பிளில் செய்யும் ஃபீட்ஸ் என்ற உள்ளூர்ச் சரக்கும் உண்டு. எனக்கு ஒரு மடக்கோடு போதும் என்றாகிவிட்டது.

குடிக்கும் சூழல் என்று பார்த்தால் மைன்ஸ்தான். சனிக்கிழமை காலைச் சந்தைக்குக் காய்கறி வாங்க வந்தவர்கள் அப்படியே நின்று, ரொட்டியும் சாசேஜும் கையுமாக ஒயின் குடிப்பார்கள். சைவர்களுக்கு ஷ்புண்டகேஸ் என்ற மென்மையான சீஸும், முறுக்கு வடிவ ரொட்டியான பிரெட்செலும் உண்டு. ட்ரியரின் மத்தியச் சந்தைச் சதுக்கத்திலும் ஒயின் கடை இருக்கிறது, ஆனால் அங்கே உங்களைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகள்.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு ஏழெட்டு மணி நேரம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மைன்ஸ். லோக்கல் ரயிலில் அரை மணி நேரம். ட்ரியருக்கு விமான நிலையத்திலிருந்து சுமார் மூன்று மணி நேரம் ஆகும், ஒரு இரவாவது தங்க வேண்டும். லக்சம்பர்க்கிலிருந்து வந்தால் ஒரு மணி நேரத்துக்குள்தான். எல்லை வரை பொதுப் போக்குவரத்து இலவசம், அதற்கப்பால்தான் டிக்கெட்.

ஒரே ஊருக்குத்தான் நேரம் என்றால் நான் ட்ரியரைத்தான் சொல்வேன், அதுவும் மே முதல் அக்டோபருக்குள். ஒயின்காரர்கள் வீட்டிலேயே நடத்தும் சின்னக் கடைகளை வருடத்தில் நாலு மாதம்தான் திறக்கலாம் என்பது விதி. குளிர்காலத்தில் போனால் பலவற்றில் கதவு சாத்தியிருக்கும்.