திருகோணமலையில் மாதக்கணக்கில் வீடு எடுக்க நினைப்பவர்களுக்கு

உப்புவெளிப் பக்கத்தில், கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில், முன்னால் இரண்டு தென்னையும் கிணற்றடியில் ஒரு வேம்பும் நிற்கிற ஓட்டு வீடு ஒன்று மறுபடியும் இணையத்தில் வாடகைக்கு வந்திருக்கிறது. மூன்று அறை, முழுத் தளபாடங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறார்கள். நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிணற்றடிக் கொடியில் ஊதாக் கரை போட்ட வெள்ளைச் சேலை ஒன்று காய்கிறது. அது என் அம்மாவின் சேலை. நாங்கள் அங்கே குடியிருந்தபோது, எங்களுக்குத் தெரியாமல் எடுத்த படம் அது. இன்று அந்த வீட்டின் திறப்புக்கூட விளம்பரம் போட்டவரிடம் இல்லை. ஆனாலும் முற்பணம் கேட்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா திருக்கடலூரில் பிறந்து வளர்ந்தவர். இப்போது எழுபத்தொன்பது வயது. அப்பா போன பிறகு, இலண்டனில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடி ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயிலில் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும், அதுவரை சொந்தச் சமையலோடு கடல் சத்தம் கேட்கிற இடத்தில் இருக்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் முடிய நான்கு மாதம் என்று முடிவு செய்தோம்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் அந்த மாதங்கள்தான் சீசன். மாரி மழை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், புறாமலைத் தீவுக்குப் போகிற படகுகள் கரையேறிவிடும், அறைகள் காலியாகக் கிடக்கும். ஆகவே சீசனில் வீட்டுக்காரர்கள் மாத வாடகையை விரும்புவதில்லை. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அவர்களுக்கு இரட்டிப்பாக வரும். நான் பேசிய ஐந்து பேரும் இதைச் சொல்லியே மறுத்தார்கள். ஆறாவது ஆள் மாதம் 120,000 ரூபாய்க்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். மற்றவர்கள் மறுத்ததை இவர் ஏன் உடனே தருகிறார் என்று நான் கேட்கவில்லை.

அவர் காட்டிய எதுவும் பொய்யில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விடயம். வீடு உண்மை. தொலைபேசியில் நேரலையாக ஒவ்வோர் அறையையும் காட்டினார், குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார், ஒழுங்கையால் நடந்து கடலையும் காட்டினார். "அண்ணா, ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள். அம்மா என் அம்மா மாதிரி" என்றார். நான்கு மாத வாடகை 480,000, சேத வைப்பாக இன்னொரு 100,000. இரண்டு தவணையாக அனுப்பினேன். பணம் போனது அவர் பெயரிலுள்ள கணக்குக்கு அல்ல, "தங்கச்சியின் கணக்கு" என்று அவர் சொன்ன ஒன்றுக்கு. கையொப்பமிட்ட இரண்டு பக்க உடன்படிக்கையைப் படம் எடுத்து அனுப்பினார். முத்திரை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனம் ஆறிவிட்டது.

மே மாதம் நன்றாகவே போனது. விடியற்காலையில் கரைவலைக்காரர்களின் குரல் கேட்டு எழும்புவார் அம்மா. வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயில், ஒருநாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணற்றுத் தண்ணீரையும் அள்ளித் தலையில் ஊற்றிவிட்டுச் சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் கூடுகிறது.

ஜூன் முதல் வாரத்தில் கதவின் கீழே ஒரு காகிதம் கிடந்தது. மின்சாரச் சிவப்பு அறிவித்தல். நாங்கள் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, நிலுவையோ பல மாதத்துக்கு உரியது. அதில் அச்சிட்டிருந்த பெயர் ஒரு பெண்ணின் பெயர். வீட்டுக்காரர் என்று நான் நம்பியவரின் பெயருக்கும் அதற்கும் முதலெழுத்துக்கூடப் பொருந்தவில்லை. கேட்டேன். "அது பெரியம்மாவின் பெயர், அண்ணா. இன்னும் மாற்றவில்லை. நாளைக்கே கட்டிவிடுகிறேன்" என்றார். பத்து நாள் கழித்து மின்சாரத்தைத் துண்டித்தார்கள். அந்த வெக்கையில் அம்மாவை மின்விசிறி இல்லாமல் வைத்திருக்க முடியாமல் நிலுவை முழுவதையும் நானே கட்டினேன். ஜூலையில் கிணறும் வற்றி உவர்த்துவிட்டது; குளித்தால் தலைமயிர் கயிறு மாதிரி ஒட்டியது. அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன், கடலோரக் கிணறுகள் கோடையில் அப்படித்தான். மே மாதத்தில் கிணற்றைப் பார்ப்பவர்கள், ஆகஸ்டில் தண்ணீர் எப்படி என்று அயலவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு அவர் வேறு மாதிரிப் பேசத் தொடங்கினார். ஆகஸ்டில் வெள்ளைக்காரக் குழு ஒன்று வருகிறதாம், இரண்டு வாரத்துக்கு அம்மாவும் நானும் பின்னாலிருந்த ஒற்றை அறை அனெக்ஸுக்கு மாற வேண்டுமாம். முடியாது என்றேன். அன்றோடு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஆடி அமாவாசைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, வாசலில் ஓட்டோ வந்து நின்றது. மட்டக்களப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம்பி மகனோடு இறங்கினார். சிவப்பு அறிவித்தலில் இருந்த பெயர் அவருடையது. விறாந்தையில் உட்கார்ந்து, ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார்: காணி உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதி, சோலைவரி (வீட்டு வரி) ரசீதுகள், அந்த ஆளுக்கு ஒரு வருடத்துக்கு வாடகைக்குக் கொடுத்த பத்திரம். மாதம் 55,000. வேறு யாருக்கும் மறு வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. மார்ச்சுக்குப் பிறகு அவருக்கு ஒரு சதமும் வரவில்லை.

"தம்பி, உங்களில் பிழை இல்லை. ஆனால் நான் ஓய்வூதியத்தில் சீவிக்கிறவள்" என்றார். அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, வெகுநேரம் பேசவில்லை. பத்து நாள் அவகாசம் தந்தார்.

பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, "நொத்தாரிசு எழுத்து இருக்கிறதா?" என்பதுதான். நொத்தாரிசு என்றால் உறுதி, உடன்படிக்கைகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்ட அதிகாரி. பிறகு ஒரு சட்டத்தரணி விளக்கினார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மோசடிகளைத் தடுக்கவே செய்த சட்டம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தக் குத்தகை சட்டத்தின் முன் நிற்காது. முத்திரை ஒட்டிய என் இரண்டு பக்கமும் நான்கு மாதத்துக்கு உரியவை. நொத்தாரிசின் செலவு, நான் அனுப்பிய பணத்தில் ஒரு சிறு துண்டுதான். அதோடு, நொத்தாரிசு எழுத உட்கார்ந்தால் உறுதியைக் கேட்பார். உறுதி இல்லாதவர் அந்த மேசைக்கு வரவே மாட்டார்.

நான் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்யுங்கள். பணம் அனுப்புவதற்கு முன், கடைசி மின்சாரப் பில்லையும் சோலைவரி ரசீதையும் உரிமையாளரின் அடையாள அட்டையையும் ஒரே நேரத்தில் கேளுங்கள். மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும், வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், வாடகைக்குக் கொடுப்பவரிடம் அற்றோணித் தத்துவம் (உரிமையாளர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் உறவினர் ஒருவர் இருந்தால், அந்தப் பிரிவு கிராம உத்தியோகத்தரிடம் ஒரு தடவை போய் விசாரிக்கச் சொல்லுங்கள். யாருடைய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இராது. ஒருவரும் இல்லையென்றால், முதல் வாரத்துக்கு மட்டும் ஒரு விருந்தினர் விடுதியில் அறை எடுத்துத் தங்கி, நேரில் நாலு வீடு பார்த்து, மாதாமாதம் பணம் கொடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் விலகிவிடுங்கள். உண்மையான உரிமையாளர் இவை எதற்கும் கோபிக்க மாட்டார். அந்த ஆசிரியை, நான் கேட்காமலே எல்லாவற்றையும் எடுத்து மடியில் வைத்தார்.

நாங்கள் பட்டணத்தில் தூரத்து மாமி ஒருவரின் வீட்டுக்கு மாறினோம். அமாவாசையன்று கோணேசர் கோயிலில் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். மாமியின் குசினியில் அம்மா காத்தோட்டிக்காய் கறி சமைத்தார். கடல் சத்தம் அந்த வீட்டுக்குக் கேட்காது.

முறைப்பாடு இப்போது, நீதிமன்றத்துக்குப் போகாமல் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் இருக்கிறது. என் சார்பில் போய்வர மைத்துனருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு அமர்வுக்கும் அந்த ஆள் வரவில்லை. இதே வீட்டுக்கு, இதே "தங்கச்சியின் கணக்குக்கு" பணம் போட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், வங்கிப் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் எனக்கு எழுதுங்கள். அடுத்த அமர்வுக்கு மைத்துனர் அவற்றையும் எடுத்துக்கொண்டு போவார்.